யார் வீட்டுக் குழந்தை

மயித்தேவுக்கு நான்கு வயது. தேன்நிற முடியும் வெளுத்த தோலும் தகப்பன் ஏனியோவிடமிருந்து வந்தவை. தாய் வல்தெலீசியிடமிருந்து வந்தது பிடிவாதம் மட்டும்தான் என்று ஏனியோ சொல்வான்.

அவர்கள் ஏறிய பேருந்தில் மயித்தே ஒருத்திதான் வெளுத்த முகம். சால்வதோர் நகரின் கடலோரத்து வணிக வளாகத்துக்குள் நுழைந்ததும், கையில் துடைப்பமோ தட்டோ, உடம்பில் சீருடையோ இல்லாத கறுத்த முகம் வல்தெலீசி ஒருத்திதான். நாத்தனார் சில்வானா கொடுத்த பரிசுச்சீட்டு அங்கிருந்த காலணிக் கடையில் மட்டுமே செல்லும் என்பதால் வந்திருந்தார்கள்.

மகளின் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் வல்தெலீசி வெளியே கிளம்புவதில்லை. மற்றத் தாய்மார் தண்ணீர்ப் புட்டியை எடுத்துவைப்பதுபோல, அவள் அந்த நெகிழி உறையைக் கைப்பையில் எடுத்துவைப்பாள். அன்று பள்ளிச் சேர்க்கைக்காக ஏனியோ அதைக் கொண்டுபோயிருந்தான். பள்ளியில் கொடுத்துவிட்டு நேரே ஆலைக்குள் போய்விடுவான். ஆலைக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. ஒரு மணி நேர வேலைதானே என்று அவள் நினைத்துவிட்டாள்.

காலணி வாங்கியாயிற்று. விளையாட்டுத் திடலைப் பார்த்ததும் மயித்தே ஓடினாள். திடலைச் சுற்றி மெத்தை நாற்காலிகளில் தாய்மார் அமர்ந்திருந்தனர். பின்னால், சுவரை ஒட்டிய பலகையில் வெள்ளை உடுப்பு அணிந்த ஆயாக்கள். இன்னார் இங்கே உட்காரவேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. வல்தெலீசி நின்றுகொண்டே இருந்தாள்.

"வா, போகலாம். பஸ் போயிடும்."

"மாட்டேன்!"

வல்தெலீசி அவளைத் தூக்கினாள். குழந்தை வில்லாக வளைந்து வீறிட்டாள்.

"விடு! நீ எனக்கு அம்மா இல்ல!"

வீட்டில் பிஸ்கட்டு மறுக்கப்படும்போதெல்லாம் கேட்கும் வசனம். வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். இங்கே நாற்காலிகள் திரும்பின.

தங்கச் சட்டகக் கண்ணாடி அணிந்த பெண்ணொருத்தி எழுந்து வந்து, கைநழுவித் தரையில் இறங்கிவிட்ட குழந்தையின் முன்னால் குனிந்தாள். "உன்னோட அம்மா எங்க, செல்லம்?"

"நான்தான்" என்றாள் வல்தெலீசி.

அந்தப் பெண், சரியில்லாத நகைச்சுவையைக் கேட்டவள்போலப் புன்னகைத்தாள். "அதைக் குழந்தை சொல்லட்டுமே."

மயித்தே உதட்டைப் பிதுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வல்தெலீசி கைப்பேசியைத் திறந்தாள். "பாருங்க, பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினது. இது கடற்கரையில."

"எங்க வீட்டு ஆயா போன்ல என் பையன் படம் ஐந்நூறு இருக்கு. அதுக்காக அவன் அவ பிள்ளையாயிடுவானா?"

சுவரோரத்து ஆயாக்களில் ஒருத்தி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காவலர் உபிராஜாரா வந்து சேர்ந்தார். அவரும் வல்தெலீசியின் நிறம்தான். கண்ணாடிக்காரி சொல்லி முடிக்கும்வரை கைகட்டிக் கேட்டார். அதற்குள் அவளுடைய மோதிரம் அணிந்த கை மயித்தேவின் தோளில் ஏறியிருந்தது.

"குழந்தைகள் நலக் குழுவுக்குச் சொல்லணும், மேடம். அவங்க வர்ற வரைக்கும் குழந்தை எங்க ஆபீஸ் ரூம்ல இருக்கட்டும்."

"இவ?"

"இவங்க வேற ரூம்ல."

வல்தெலீசியின் தெருவில் ஒருத்தியின் மகன் இப்படித்தான் ஒரு விசாரணைக்கென்று போனான். பதினோரு நாள் கழித்துத்தான் வீடு திரும்பினான்.

உபிராஜாரா அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "அக்கா, நீங்க ஆயாதானே? பயப்படாம சொல்லிடுங்க. தாய்னா காகிதம் காட்டணும். ஆயான்னா ஒரு போன் போதும்."

அவர் உதவியாகத்தான் சொன்னார். வல்தெலீசி, மகளின் தோளில் இருந்த மோதிரக் கையைப் பார்த்தாள்.

"ஆமா. ஆயாதான்."

ஒலியைக் கூட்டிவைத்துச் சில்வானாவை அழைத்தாள். "சில்வானா மேடம், வல்தெலீசி பேசறேன். மயித்தே யார் குழந்தைன்னு இங்க கேக்கறாங்க. நான் உங்க வீட்டு ஆயான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மேடம்."

ஆறு வருடங்களில் அவள் நாத்தனாரை ஒருமுறைகூட மேடம் என்று அழைத்ததில்லை. மறுமுனையில் கோப்பைக்குள் கரண்டி சுழலும் ஓசை நின்றது. 'என்ன உளறல் இது?' என்று சில்வானா சிரித்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

"அது என் பொண்ணு" என்றது குரல். "அவ என் வீட்டு ஆயா. குழந்தையை அழவிட்டு விசாரணை பண்றீங்களா? உங்க மேனேஜர் பேர் என்ன?"

உபிராஜாரா நிமிர்ந்து நின்றார். "மன்னிச்சுக்குங்க, மேடம்." சில்வானாவிடம் எவரும் காகிதம் கேட்கவில்லை.

மோதிரக் கை தோளிலிருந்து எழுந்தது. "முதல்லயே சொல்லியிருக்கலாமே, பொண்ணே" என்றாள் கண்ணாடிக்காரி, உண்மையான கனிவுடன். "வெள்ளை உடுப்பு போட்டுட்டு வந்திருந்தா இந்த வம்பே இல்ல."

"சரிங்க, மேடம். நன்றி."

வாசல் நாற்பது தப்படி தூரம். உபிராஜாரா முன்னே போய்க் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வல்தெலீசி ஓடாமல் நடந்தாள்; ஓடினால் திருடி. மயித்தேவின் கோபம் வடிந்துவிட்டதை விரல்களின் பிடியிலேயே உணர்ந்தாள். வாயைத் திறக்காதே என்று மனத்துக்குள் மன்றாடினாள். இன்னும் பத்துத் தப்படி.

"அம்மா."

அவள் திரும்பவில்லை.

"அம்மா! கால் வலிக்குது, தூக்கு!"

உபிராஜாரா குழந்தையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவளுக்கும் அப்பால், நாற்காலியிலிருந்து மறுபடி எழுந்து நின்றுவிட்ட கண்ணாடிக்காரியைப் பார்த்தார். கதவை அகலத் தள்ளினார்.

"சீக்கிரம் போங்க, அக்கா. திரும்பிப் பாக்காதீங்க."