மிஸ் அய்யாசாமி

“ஏனுங்க அம்மிணி, எதுக்குங்க எங்க நாட்டுக்கு வர்றீங்க?”

சாப்பிட்ட தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, விசா ஆபீசர் போல முறைத்துப் பார்த்தார் அய்யாசாமி. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் அவர். எதிரே நேர்காணலுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள் மகள் பூங்குழலி.

“ஆபீசரு எங்கயாச்சும் ஏனுங்கம்பானா?” என்று அடுப்படியிலிருந்து சிரித்தாள் அவர் மனைவி மயிலாள்.

“வெள்ளைக்காரன்னா மரியாதை இருக்கப்படாதா? அம்மிணி, உங்க பதில் சரியில்லீங்க. காப்பி குடிச்சுப்போட்டு நாளைக்கு வாங்க.”

“நான் இன்னும் பதிலே சொல்லலீங்கப்பா!”

சிரித்துக்கொண்டே மொபெட்டில் கிளம்பிப் போனவர்தான். மதியம் செக்கிங் டேபிள் மேல் சாய்ந்தார்; எழவில்லை.

காரியம் முடிந்த கையோடு நேர்காணல் தேதி வந்தது. அமெரிக்காவில் படிப்புச் செலவைப் பல்கலைக்கழகமே ஏற்றிருந்தது. மிச்சம் இந்த விசா ஒன்றுதான்.

“நான் போகலீம்மா” என்றாள் பூங்குழலி.

“இத உட்டா ஒரு வருசம் போயிரும். கெளம்பு கண்ணு, நானும் வர்றேன்.”

சென்னையில் அமெரிக்கத் தூதரகத்துக்கு எதிர்ச்சாரி மரத்தடியில் மயிலாள் உட்கார்ந்துகொள்ள, பூங்குழலி மட்டும் உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இளம்பெண் ஒருத்தி பாஸ்போர்ட்டைப் பிரித்தாள்.

“அய்யாசாமி?”

“ஹி இஸ் நோ மோர்ங்க” என்று வாய் முந்திக்கொண்டது.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. பாஸ்போர்ட்டையும் பூங்குழலியையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படியானால் நீ யார் என்று கேட்டாள்.

அப்போதுதான் பூங்குழலிக்கு உறைத்தது. வந்த காரியம் இந்த ஒரு வார்த்தையில் கெட்டுவிடுமோ என்று பதறினாள். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அந்த இடத்தில் அப்பா பெயரைத்தான் போடுவோம் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினாள்.

“ஓ! வருந்துகிறேன். என்ன வேலை பார்த்தார்?”

“தைத்து வந்த பனியனைத் திருப்பித் திருப்பி ஓட்டை தேடுவார். கிடைத்தால் அன்று முழுக்கக் கம்பெனியே திட்டு வாங்கும்.”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “நீ?”

“அந்த ஓட்டை நூல் பின்னும்போதே ஏன் விழுகிறது என்று படிக்கப் போகிறேன்.”

அவள் விசைப்பலகையைக் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தாள்.

“விசா கிடைத்துவிட்டது. வாழ்த்துகள், மிஸ் அய்யாசாமி.”

வெளியே ஓடிவந்தவளைக் கண்டு மயிலாள் எழுந்தாள். “என்ன சொன்னாங்க கண்ணு?”

“குடுத்துட்டாங்கம்மா! ஆனா அங்க போனா எல்லாரும் என்னைய மிஸ் அய்யாசாமின்னுதான் கூப்புடுவாங்களாட்ட இருக்குது.”

“அவரு பேருக்கு முன்னால மிஸ்ஸா!” மயிலாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். அழுகையும் கூடவே வந்தது. துடைத்துக்கொண்டு, ஊருக்குச் சொல்ல போனை எடுத்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் கணவன் பெயரை வாயால் சொன்னதில்லை. அவள் போனில் அவர் இன்றைக்கும் ‘பூங்குழலி அப்பா’தான்.