கதவுக்குப் பின்னால் நீலக் கோட்டு

என் அக்கா ஏவ்ரிலின் கணவன் டெஸ்மண்ட் பெட்டி அடுக்க ஆரம்பித்துவிட்டால் அந்த வீட்டில் யாரும் இருமக்கூடக் கூடாது. வங்கிக் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அதிகாரம் செய்ய ஆள் இல்லாமல் போனபிறகு அக்காவையும் காலுறைகளையும் பிடித்துக்கொண்டான். மரியாதையாக 'அவர்' என்று சொல்லலாம்தான். எனக்கு வாய் வருவதில்லை.

அந்த ஜனவரியில் நாங்கள் மூவரும் மத்தியதரைக் கடலில் கப்பல் சுற்றுலா போவதாக ஏற்பாடு. பார்சிலோனா வரை விமானம், அங்கிருந்து கப்பலில் பலெர்மோ, மால்டா, நேபிள்ஸ் என்று ஒரு சுற்று. இங்கிலாந்தின் வடகடல் ஓரத்தில் இருக்கும் எங்கள் கிரிம்ஸ்பியில் ஓய்வு பெற்றவர்களில் பாதிப் பேர் குளிர்காலத்தில் இப்படிக் கிளம்பிவிடுகிறார்கள். கோடையைவிட மலிவு, பிள்ளைகளின் கூச்சலும் கிடையாது.

டெஸ்மண்ட் போவது கடலைப் பார்க்க அல்ல, கேப்டனோடு படம் எடுத்துக்கொள்ள. அந்தக் கப்பலில் இரண்டு இரவுகள் பெரிய விருந்து நடக்கும். விருந்துக் கோட்டும், கழுத்தில் வண்ணத்துப்பூச்சிபோல முடிச்சிடும் போ டையும் இல்லாத ஆண் பெரிய சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைய முடியாது. அப்படிப்பட்டவன் மேல் மாடியில் பஃபே வரிசையில் தட்டோடு நிற்க வேண்டியதுதான். அந்த வரிசையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் டெஸ்மண்ட் மூக்கைச் சுருக்குவான். இரண்டாவது விருந்தன்று கேப்டன் மேசை மேசையாக வந்து நின்று படம் எடுத்துக்கொள்வார். அதை மாட்டுவதற்கு வரவேற்பறைச் சுவரில் ஆணிகூட அடித்து வைத்திருந்தான்.

அக்காவுக்கு வேண்டியிருந்தது வேறு. இலையுதிர் காலத்தில் அவள் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பொழுது போகட்டும் என்று பழைய சாமான் கடையிலிருந்து ஒரு படப்புதிர் வாங்கிக்கொண்டு போனேன். அட்டைத் துண்டுகளைப் பொருத்தினால் மால்டாவின் வலெட்டா துறைமுகம் வரும். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அதைப் பொருத்தி முடித்தாள். ஒரே ஒரு துண்டு இல்லை. கோட்டைச் சுவரின் நடுவில் ஓட்டை.

"அந்த இடத்துல என்ன இருக்குன்னு நேர்ல போய்ப் பாக்கணும், லோர்னா," என்றாள்.

அவள் பிழைப்பாளா என்று நான் பயந்துகொண்டிருந்த வாரம் அது. அந்தச் சுவரைப் பார்க்கத்தான் இந்தப் பயணமே அவளுக்கு. எங்கள் கேபின்களுக்கு ஜன்னல் கிடையாது. கப்பல் விடியற்காலையில் துறைமுகத்துக்குள் நுழைவதைத் திறந்த மேல்தளத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். நெஞ்சில் குளிர் படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்கென்றே நீல நிறத்தில் ஒரு தடித்த பஞ்சுக் கோட்டு வாங்கினாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். விருந்தாளிகள் அறையின் கட்டில் முழுக்க டெஸ்மண்டின் துணிகள். கறுப்பு விருந்துக் கோட்டு ஒன்று, வெள்ளை விருந்துக் கோட்டு ஒன்று, நடுவில் மெல்லிய காகிதம் வைத்து மடிப்பு. வெள்ளைச் செருப்பு, லினன் கால்சட்டை, வைக்கோல் தொப்பி. கம்பளி என்று ஒரு நூல் கிடையாது. தெற்கு ஐரோப்பா என்றால் அவனுக்கு எந்த மாதத்திலும் வெயில்தான். தெற்குக் கடலில் கனவான்கள் வெள்ளைக் கோட்டு போடுவது வழக்கம் என்று எங்கேயோ படித்துத் தொலைத்திருக்கிறான்.

கொக்கித் தராசில் பெட்டியை மாட்டித் தூக்குவான். எடையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவான். பிறகு அக்காவின் பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து வெளியே வைப்பான். முதலில் பூட்ஸ் போனது. அப்புறம் ஸ்வெட்டர். அவனுடைய வைக்கோல் தொப்பி மட்டும் அசையவில்லை. அக்கா கடன் கேட்டு வந்தவள்போலக் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு கோட்டு எதற்கு, வெள்ளையை எடுத்துவிடு என்றேன் நான்.

"லோர்னா, நீ முடி வெட்டற வேலையப் பாரு. பெட்டிய நான் பாத்துக்கறேன்," என்றான்.

நான் கிரிம்ஸ்பியில் பெண்களுக்கான முடி அலங்காரக் கடை வைத்திருந்தவள். ஒரு காதிலிருந்து மறு காதுக்கு இழுத்து வாரியிருந்த அந்த நாலு முடியையும் வெட்டிவிடட்டுமா என்று கேட்க நாக்கு துடித்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

நீலக் கோட்டை விமானத்திலேயே போட்டுக்கொண்டு வருகிறேன் என்றாள் அக்கா. அதற்கும் அவன் விடவில்லை.

"உள்ள வேர்த்துக் கொட்டும், கண்ணு. கொடு, பெட்டியில வெச்சிடறேன்."

அவளும் கொடுத்தாள்.

கப்பலில் ஏறிப் பெட்டிகளைத் திறந்தபோது நானும் அவர்கள் கேபினில்தான் இருந்தேன். வெள்ளைக் கோட்டு வந்தது, கறுப்புக் கோட்டு வந்தது, தொப்பி வந்தது. நீலக் கோட்டு வரவில்லை. அக்கா அடிவரை கையை விட்டுத் துழாவினாள். டெஸ்மண்ட் கண்ணாடியில் போ டையைக் கட்டிப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

"எடை கூடிப்போச்சு, கண்ணு. அங்க வெயில்தானே."

அது வீட்டில் கதவுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டியிருக்கிறதாம். பத்திரமாக இருக்கிறதாம். அக்கா கட்டிலில் உட்கார்ந்து முழங்காலின் மேல் பாவாடையை நீவிவிட்டுக்கொண்டாள். வாயில் வந்ததையெல்லாம் நான்தான் கொட்டினேன். பலெர்மோவில் கடை இருக்கும், வாங்கிக்கொள்ளலாம் என்று அவன் கையை உதறினான். காற்று பலமாக இருந்ததால் கப்பல் பலெர்மோவுக்குள் போகவே இல்லை. கப்பல் கடையில் இருந்தது வாசனைத் திரவியமும் கைக்கடிகாரமும்தான். என் கோட்டைக் கொடுத்துப் பார்த்தேன். அக்கா என்னைவிட ஒரு தலை உயரம், அகலமும் அப்படியே. கை முழங்கையோடு நின்றது, பொத்தான் போடவே முடியவில்லை.

முதல் விருந்துக்கு டெஸ்மண்ட் வெள்ளைக் கோட்டில் இறங்கினான். கூடத்தில் அத்தனை ஆண்களும் கறுப்பில் இருந்தார்கள். வெள்ளை போட்டிருந்தவர்கள் பரிமாறுகிறவர்கள் மட்டும்தான். நாற்காலியில் உட்காருவதற்குள் ஒரு கிழவி காலிக் கோப்பையை அவன் கையில் திணித்து, இன்னொரு ஜின் கொண்டு வா, ஐஸ் வேண்டாம் என்றாள். இன்னொருவர் கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு குளிர்கிறது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அன்றோடு வெள்ளைக் கோட்டு அலமாரிக்குப் போனது. கேப்டன் வரும் இரவுக்குக் கறுப்பு இருக்கிறது என்று அவன் தன்னைத் தானே தேற்றிக்கொண்டான்.

மால்டா வந்த அன்று விடியற்காலையில் என் கேபின் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் அக்கா. டெஸ்மண்டின் கறுப்பு விருந்துக் கோட்டை, விமானத்தில் உடுத்தி வந்த கம்பளிச் சட்டைக்கு மேல் போட்டு, கழுத்துப் பட்டையைத் தூக்கிவிட்டிருந்தாள். பாவாடைக்கு அடியில் பட்டுக்கரை வைத்த அவனுடைய கறுப்புக் கால்சட்டை. தலையில் நான் முன்பே கொடுத்திருந்த என் பழைய சால்வை.

"டெஸ்மண்ட் கேட்டா என்ன சொல்லுவ?" என்றேன்.

"தூங்கறான். அலமாரியில சும்மாதானே தொங்குது, போட்டுக்கிட்டேன்."

இத்தனை வருஷத்தில் அவள் அவனைக் கேட்காமல் செய்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மேல்தளத்தில் காற்று ஆளையே தள்ளியது. மழைத் தூறல் வேறு, கீழேயிருந்து தெறிக்கும் உப்புத் தண்ணீர் வேறு. தெற்குக் கடலின் வெயிலை டெஸ்மண்ட் வந்து பார்த்திருக்க வேண்டும். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் வெளுத்ததும் மஞ்சள் கோட்டைச் சுவர் தெரிந்தது. படத்தில் பார்த்ததுபோலவே ஒவ்வொரு கல்லாக வந்தது. எந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கையை நீட்டினாள். சுவரில் ஒரு சின்ன ஜன்னல், அதற்கு வெளியே ஒரு கொடி, கொடியில் யாரோ எடுக்க மறந்த சட்டைகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன.

"துணி காயப் போட்டிருக்காங்க," என்றாள். அவ்வளவுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், உப்புத் தண்ணீராகவும் இருக்கலாம். கப்பலைக் கரையில் கயிறு போட்டுக் கட்டும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை. ஒருமுறைகூட இருமவில்லை.

நாங்கள் திரும்பியபோது டெஸ்மண்ட் எழுந்திருந்தான். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. கால்சட்டை நுனியில் மேல்தளத்துக் கரி. காய்ந்தபோது மார்புப் பட்டில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. கேப்டன் வரும் விருந்து அன்று ராத்திரிதான். சலவைக்குக் கொடுத்தால் மறுநாள்தான் கிடைக்கும் என்றார்கள். அவன் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது.

"இன்னிக்கு ராத்திரி நான் எதப் போடறது?"

"வெள்ளை இருக்கே, டெஸ்மண்ட்," என்றாள் அக்கா. குரலில் கேலி இல்லை. அதுதான் அவனை இன்னும் சுட்டது.

அவன் போடவில்லை. இன்னொரு காலிக் கோப்பையை வாங்கிக்கொள்ள அவனுக்குத் தெம்பில்லை. அக்கா பச்சை வெல்வெட் உடுப்பில் என்னோடு சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தாள். கேப்டன் எங்கள் நடுவில் நின்றார், படம் பிடித்தார்கள், அவள் பல் தெரியச் சிரித்தாள். டெஸ்மண்ட் மேல் மாடியில், அரைக்கால் சட்டைக்காரர்களுக்குப் பின்னால், தட்டோடு வரிசையில் நின்று உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக்கொண்டான். பாவம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுபடி பார்சிலோனா வந்தபோது பெட்டி அடுக்கியது அக்கா. டெஸ்மண்ட் தராசைக் கையில் எடுத்தான். அவள் வாங்கிக்கொண்டு அவனை மேலே காபி குடிக்கப் போகச் சொன்னாள். ஏனோ போய்விட்டான். மால்டாவில் வாங்கிய சிவப்புக் கம்பளிக் கோட்டைத் தன் மேலேயே போட்டுக்கொண்டாள். விமானத்தில் அதைக் கழற்றவும் இல்லை, அவளுக்கு வேர்க்கவும் இல்லை.

விமானம் மேலே ஏறி நேரானதும் டெஸ்மண்டுக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். வெள்ளைக் கோட்டை எந்தப் பெட்டியில் வைத்தாய், மடிப்புக்கு நடுவில் காகிதம் வைத்தாயா என்று கேட்டான்.

"கேபின் கதவுக்குப் பின்னாடி மாட்டியிருக்கேன்," என்றாள் அக்கா.

அவன் அவளையே பார்த்தான். அவள் சிவப்புக் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவன் கையை லேசாகத் தட்டிக்கொடுத்தாள்.

"எடை கூடிப்போச்சு, கண்ணு. நம்ம ஊர்ல குளிர்தானே."