பீலியில் ஒரு வெறுங்குடம்

1

இந்தக் கதை பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது. பக்கத்து சீட்டுப் பெண் போனில் யாரையோ வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள்: “டேட்டாபேச கொண்டுபோய் நெட்வொர்க் பெட்டியில வைக்காதன்னு எத்தன தடவ சொல்றது?” எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் குரலில் அழுகை இருந்தது. அழுகை இருந்தால் கதை இருக்கும். இறங்குவதற்குள் எழுதியே தீருவது என்று முடிவெடுத்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: மலையெங்கும் மழை கொட்டிக்கொண்

(வேண்டாம். இந்த மலைப்பக்கத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் மழையில்தான் தொடங்குகிறார்கள்.)

இரண்டாவது: ஜீவராணி மடுல்சீமைப் பக்கத்து லயத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை அறைகளில், பிறந்தவள். பதுளை டவுனில் ஒரு சின்ன நிவாரணச் சங்கத்தின் கணினிகளைக் கட்டி மேய்ப்பவள்.

(இது நிற்கட்டும்.)

சங்கத்திடம் ஒரு பட்டியல் உண்டு. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் எந்த லயத்தில் யாரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்ற பட்டியல். அதை வைத்திருக்கும் டேட்டாபேஸ் ஒரு கண்டெய்னரில் ஓடுகிறது. கண்டெய்னர் என்றால் கப்பலில் வருவது அல்ல. ஒரு மென்பொருளை அதன் சட்டிபானையோடு மூட்டை கட்டி, எந்தக் கணினியிலும் இறக்கி ஓடவிடுகிற ஏற்பாடு. அலுவலகத்தின் இரண்டு கணினிகளிலும் இடம் போதவில்லை. அதனால் டேட்டாபேஸின் கோப்புகளை மட்டும், இரண்டும் வயர் வழியே பயன்படுத்தும் பொதுச் சேமிப்பாக அலுமாரி மேல் இருந்த நெட்வொர்க் பெட்டியில் வைத்தாள் ஜீவராணி. ஒரு வருஷம் ஒரு குறையும் இல்லை.

அன்று காலை ஒரு புதுப் பதிவு ஏறியது: ராசம்மா, ஏழாம் லயம், மூன்றாம் அறை. கால் முறிவு. தூக்க இருவர் வேண்டும்.

(ஆஸ்பத்திரியிலிருந்து யோகமலர் என்ற தாதி ஏற்றியதாக எழுதியிருந்தேன். ஆள் கூடிப்போனது, எடுத்துவிட்டேன். நானே ஏற்றியதாக வைத்துக்கொள்ளுங்கள்.)

3

மத்தியானம் இரண்டு மணிக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தது. அதே நேரம் கரண்ட் போய் வந்தது.

“அக்கா, முன்ரூம் மிஷின் செத்துப்போச்சு,” என்றான் கூட வேலை செய்யும் ரமேஸ்.

“உள்ள இருக்கிறதுல ஓடவிடு.”

“ஏற்கெனவே ஆள் இருக்குன்னு சொல்லுது. லொக் பைல் ஒன்னு கெடக்கு.”

இங்கே பீலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலைத் தண்ணீர் விழும் லயத்துப் பொதுக் குழாய்தான் பீலி. அதில் தண்ணீர் பிடிக்க வெறுங்குடத்தை வைத்தால் அது உங்கள் முறை. குடம் மட்டும் நின்று ஆளைக் காணவில்லையா? இரண்டு சத்தம் போட்டுப் பார்ப்பார்கள். பதில் இல்லையென்றால் குடத்தை ஓரமாக நகர்த்திவிட்டு அடுத்தவர் பிடிப்பார். யாரும் கோபிப்பதில்லை. பதினெட்டு வருஷம் அப்படித் தண்ணீர் பிடித்த ஜீவராணி, ‘இப்போது என் முறை’ என்று ஒரு கணினி போட்டு வைக்கும் அந்த லொக் பைலை அழித்து, உள்ளறைக் கணினியில் டேட்டாபேஸை ஓடவிட்டாள்.

முன்னறையில் செத்தது திரை மட்டும்தான். கரண்ட் வந்தும் யாரும் அதன் பொத்தானை அமுக்கவில்லை. கணினி மேசைக்கடியில் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருந்தது. டேட்டாபேஸ் ஒரே கணினிக்குள் இருந்திருந்தால் ஆள் உயிரோடு இருப்பது தெரிந்திருக்கும். பெட்டி வழியே பார்த்தால் குடம் மட்டும்தான் தெரியும். இரண்டு கண்டெய்னர்களும் ஒரே கோப்பில் மாறி மாறி எழுதின. பத்து நிமிஷத்தில் பட்டியல் குப்பையானது. கையில் மிஞ்சியது நேற்று மாலை எடுத்த பிரதி.

ஜீவராணி ரமேஸிடம் திரும்பினாள். “ஐயோ, நான்தான்டா அழிச்சேன்.”

“நேத்து லிஸ்ட்ட அனுப்பிருவோம்க்கா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

4

முடிவு ஒன்று: அவள் நேற்றைய பிரதியை அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொள்கி

(ஆறு வரி எழுதிப் பார்த்தேன். ஜீவராணி ஒத்துவரவில்லை. நான் எழுதிய பெண்தான், இருந்தும் என்னைவிட நல்லவளாகப் போய்விட்டாள்.)

முடிவு இரண்டு: நேற்றைய பிரதியை அனுப்பிவிட்டு, “சொல்லாட்டி அவங்க அத நம்பிருவாங்கடா,” என்று போனை எடுத்தாள். சங்கத்துக்காக ஆட்களை ஏற்றத் தோட்டத்தில் இரண்டு வேன்களோடு நின்ற புவனேந்திரனைக் கூப்பிட்டாள். லைன் கிடைக்க அரை மணி நேரம் ஆனது.

“அண்ணே, நான் அனுப்பினது நேத்தைய லிஸ்ட். இன்னைக்குள்ளத நான்தான் கெடுத்துட்டேன். யாரு விடுபட்டாங்கன்னு எனக்குத் தெரியாது.”

அவர் ஒரு வார்த்தை சொன்னார். அச்சில் ஏற்ற முடியாத வார்த்தை. பிறகு, “இப்ப என்ன செய்யச் சொல்ற?”

“காலையில வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுல பேரு கூப்பிடுவாங்களே, அப்படிக் கூப்பிடுங்க. அறை அறையா.”

“ஆறு லயம் முடிஞ்சிச்சு. ஏழாவதுல லிஸ்ட்டுப்படி யாரும் இல்ல. நடக்க முடிஞ்சவங்க எல்லாம் ஸ்கூலுக்குப் போயிட்டாங்க, கதவெல்லாம் சாத்திக் கெடக்கு. மேட்டுல மண்ணு வெடிச்சு நிக்குது தங்கச்சி, ஒவ்வொரு கதவா தட்ட நேரமில்ல. பேரு தெரியாம யாரக் கூப்பிடுறது?”

5

இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகவே எழுதுவேன். ஆனால் ஒரே கோப்பில் இரண்டு பேர் எழுதினால் என்னாகும் என்று இப்போதுதான் பார்த்தோம். இவ்வளவு தூரம் வந்த நீங்கள் மனதுக்குள் ஒரு முடிவை எழுதத் தொடங்கியிருப்பீர்கள். நானும் எழுதினால் இரண்டும் கெடும். அதனால் என் குடத்தை நானே எடுத்துக்கொண்டு விலகுகிறேன்.

காலையில் ஏறிய அந்தப் பதிவு ஜீவராணியிடம் இல்லை, பெட்டியிலும் இல்லை. இரண்டாம் பகுதியை வாசித்தீர்களே, உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. புவனேந்திரன் ஏழாம் லயத்து வாசலில் நிற்கிறார், போன் இன்னும் காதில்தான்.

பேரைச் சொல்லுங்கள்.