அம்மாவின் இங்கிலீஷ்

அமாலியா அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அடியிலிருந்த ஈர விரிப்பை உருவிக்கொண்டிருந்தபோது அம்மா பேசினாள். வாதம் வந்து விழுந்ததிலிருந்து வாயே திறக்காதவள். முதலில் அதை முனகல் என்றுதான் அமாலியா நினைத்தாள். விரிப்பின் நுனியைப் பிடித்தபடியே நின்று கேட்டாள். முனகல் இல்லை. எதிரே இருப்பவரிடம் ஒன்றைச் சொல்லி, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடி தொடரும் பேச்சு. ஆனால் ஒரு சொல்லும் புரியவில்லை.

“அம்மா, தண்ணி வேணுமா?”

அம்மா அவளைப் பார்க்கவில்லை. சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, யாரோ ஒரு சிறுமியின் குரலில், கொஞ்சம் செல்லக் கோபத்தோடு எதையோ விளக்கினாள்.

அது இங்கிலீஷ். மெக்சிகோவின் அந்த ஏரிக்கரை ஊர்களில் அந்தச் சத்தம் தெரியாதவர் இல்லை. குளிர் தொடங்கினால் வடக்கே அமெரிக்காவிலிருந்து வந்து தங்கும் கிழவர்களும் கிழவிகளும் சந்தையில் அதைத்தான் பேசுவார்கள். ஆனால் அம்மா டொமித்திலா வாழ்நாளெல்லாம் கோவில் வாசலில் வறுத்த பொடிமீன் விற்றவள். வெள்ளைக்காரர்கள் வந்து நின்றால் விரலைக் காட்டித்தான் விலை சொல்வாள். அவர்கள் தமக்குள் ஏதாவது பேசிச் சிரித்தால் கூடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சித்தி லூஸ் அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு ஒரே தங்கை. அமாலியா கூப்பிட்டதும் கரண்டியோடு வந்து, நிலைப்படியில் நின்று கொஞ்ச நேரம் கேட்டாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அடுப்படிக்கே திரும்பிவிட்டாள்.

“சித்தி, இது என்ன பேச்சு?”

“காய்ச்சல்ல ஏதோ உளர்றா.”

“காய்ச்சல் இல்ல சித்தி. வந்து தொட்டுப் பாருங்க.”

லூஸ் திரும்பவில்லை. அவளுக்கு இது புதிதாக இல்லை என்பதை அமாலியா கவனித்தாள். நின்று கேட்க நேரமில்லை. இன்றைக்கோ நாளைக்கோ என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அம்மா கடைசியாக எதையோ சொல்கிறாள். என்னவென்று தெரியாமலே அவளை அனுப்பிவைக்க அமாலியாவுக்கு மனம் வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பக்கத்து வீட்டுக் கதவின் முன்னால்தான் கால் தயங்கியது.

ஹார்லன் அமெரிக்காவில், நெப்ராஸ்காவில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு இந்த வீட்டை வாங்கிக்கொண்டு தனியாக வந்து சேர்ந்தார். வந்ததும் தெருக்குழாயில் மோட்டார் வைத்தார். காலையில் அது ஓடத் தொடங்கினால் அமாலியா வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். ஒருநாள் அவள் தெருவே பார்க்க அவர் கதவைத் தட்டி, உங்கள் நாட்டில் தண்ணீர் இல்லாமலா எங்கள் தண்ணீரை உறிஞ்ச வந்தீர்கள் என்று கேட்டுவிட்டாள். அவர் முகம் சிவந்து, தன் பாஷையில் ஏதோ முணுமுணுத்தார். மகளை இழுத்துப்போக வந்த டொமித்திலா அதைக் கேட்டுச் சால்வையால் வாயை மூடிக்கொண்டாள். அம்மா சிரித்த மாதிரி இருந்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அமாலியாவுக்கு எரிச்சல்கூட வந்தது. அதற்குப் பிறகு மோட்டார் மத்தியானத்தில் மட்டுமே ஓடியது. ஆனால் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

கதவைத் திறந்தவரின் ஒரு கன்னத்தில் சவர நுரை இருந்தது.

“டான் ஹார்லன், எங்க அம்மா இங்கிலீஷ் பேசறாங்க. எனக்குப் புரியல.” பெரியவர்களை அழைக்கும் ‘டான்’ என்ற மரியாதைச் சொல்லை அவள் விடவில்லை.

அவர் துண்டால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மா பேசிக்கொண்டிருந்தாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“நல்ல இங்கிலீஷ். பழைய இங்கிலீஷ். என்னோட அம்மா பேசும் அந்த மாதிரி,” என்றார். அவருடைய ஸ்பானிய மொழி எப்போதும் வினைச்சொற்களை வழியில் தொலைத்துவிட்டுத்தான் வரும்.

“என்ன சொல்றாங்க?”

“மேபல்னு ஒரு பொண்ணு. அவகிட்ட பேசுறது. பழுப்புக் கோழி ஒண்ணு, அதை மேபல்கிட்ட விட்டுட்டுப் போறது. கசாப்புக்காரனுக்குக் குடுக்காதேன்னு சொல்றது. பள்ளிக்கூடம் திறக்கும் முன்னாடி திரும்பி வர்றது. அப்பா சொல்லியிருக்கு.”

“எங்கேர்ந்து திரும்பி வர்றதாம்?”

ஹார்லன் குனிந்து அம்மாவிடம் கேட்டார். அம்மா உடனே பதில் சொன்னாள். அவர் நிமிர்ந்து அமாலியாவைப் பார்த்தார்.

“மெக்சிகோவுலேர்ந்து.”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா ஒவ்வொன்றுக்கும், பள்ளியில் எழுந்து நின்று சொல்வது போலச் சொன்னாள். பெயர் டாட்டி. ஊர் அமெரிக்காவில், கான்சாஸில் ரயில்பாதைக்குப் பக்கத்தில். அங்கேயே பிறந்தவள். அப்பாவுக்குத் தண்டவாள வேலை. வகுப்பில் அவளுடைய இடம் சன்னலோரம், அதில் வேறு யாரையும் உட்காரவிடக் கூடாது. அமாலியா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் அம்மாவுக்கு இன்னொரு பெயர் இருந்திருக்கிறது என்பதுதான் மற்ற எல்லாவற்றையும்விட அவளுக்கு உறைத்தது.

பிறகு அம்மா முகத்தைத் திருப்பி ஹார்லனை நேராகப் பார்த்து எதையோ கேட்டாள். இதை அவர் அமாலியாவுக்கு எடுத்துச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அம்மா அதையே மறுபடி, நிதானமாகக் கேட்டாள். அவர் அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல் அமாலியாவுக்குத் தெரியும். சந்தையில் இடித்துக்கொண்டால் வெள்ளைக்காரர்கள் சொல்வது. மன்னிக்கணும்.

அம்மா அவரைப் பார்த்து ஏதோ சொல்லிக் கண்ணை மூடினாள்.

“என்ன கேட்டாங்க?”

ஹார்லன் வார்த்தைகளைத் தேடினார். “மேபலோட அப்பா, அங்கே மேஸ்திரி. யாரை ரயில் ஏத்தி அனுப்புறதுன்னு அவர்தான் பேர் சொல்றது. என்னை மேபல்னு நினைச்சு, உங்க அப்பா ஏன் எங்க பேரைச் சொன்னாருன்னு கேட்டது.”

“அதுக்கு நீங்க எதுக்கு மன்னிப்புக் கேட்டீங்க? நீங்களா சொன்னீங்க?”

“இல்ல.” கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “இங்கே வேற ஆள் இல்லையே.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“கோழிக்குத் தண்ணி வை, மறக்காதேன்னு.”

அம்மாவின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. ஏதாவது பேச வேண்டும் போல அமாலியாவுக்கு இருந்தது. அன்றைக்கு மோட்டார் சண்டையில் என்ன முணுமுணுத்தீர்கள் என்று கேட்டாள். அவர் காது வரை சிவந்து, அது பெண்கள் முன்னால் சொல்லக்கூடியது இல்லை என்றார். அமாலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகுதான் அது அம்மாவுக்குப் புரிந்திருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

போகும்போது வாசலில் நின்று ஹார்லன் சொன்னார், நல்ல சேதி சொல்கிறவரைப் போல: “அங்கே பிறந்தது, அப்போ உங்க அம்மா அமெரிக்கா பிரஜை. எந்த நாளும் போகலாம். பேர் அங்கே எழுதி இருக்கும், கேட்டா காப்பி வரும். பிள்ளைங்களைக் கூப்பிடுறதும் ஒருவேளை முடியும்.”

அமாலியா கதவைச் சாத்தினாள்.

தம்பி ரெய்னால்டோ சிகாகோவில் கூரை வேலை செய்கிறான். எல்லையில் இரண்டு முறை பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை பாலைவனத்தில் நடந்து கால் நகங்கள் விழுந்து வந்தான். இதே அறையில், இதே கட்டிலில் அவனை உட்காரவைத்து, அம்மா உப்பு வெந்நீரில் அந்தக் கால்களைக் கழுவினாள். கழுவி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடி கிளம்பியபோது வழிக்கு மீன் வறுத்துக் கொடுத்தாள்.

டொமித்திலா அன்று மத்தியானம், ஏரிக்காற்று வீசத் தொடங்கும் நேரத்தில் இறந்தாள். மறுபடி எந்த மொழியிலும் பேசவில்லை.

அமாலியாவும் லூஸும் அவளைக் குளிப்பாட்டினார்கள். அமாலியா அம்மாவின் தலையை வாரினாள். சீப்பு சிக்கியபோது தேவைக்கு மேல் இழுத்துவிட்டாள். லூஸ் அவள் கையிலிருந்து சீப்பை வாங்கிக்கொண்டாள்.

“கோபப்படாதே. அவகிட்ட கோபப்பட்டு என்ன ஆகப்போகுது.”

“உங்களுக்கு எல்லாம் தெரியும்.”

“நானும் அங்கேதான் பொறந்தேன். எனக்கென்ன, ரயில்ல வரும்போது பால்குடி.” லூஸ் மெதுவாக வாரத் தொடங்கினாள். “யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. நான் சொல்லல.”

வாரிக்கொண்டே மிச்சத்தைச் சொன்னாள். வேலையில்லாத காலம் வந்ததும், மெக்சிகோக்காரர்கள் போனால் எல்லாருக்கும் வேலை கிடைக்கும் என்று அங்கே பேச்சு வந்தது. பெரியவர்களோடு அங்கே பிறந்த பிள்ளைகளையும் ரயிலேற்றினார்கள். திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லித்தான் அப்பா அக்காவை வண்டியில் உட்காரவைத்தார். இங்கே வந்தபின் அவள் இரண்டு வருஷம் மூட்டையைப் பிரிக்கவிடவில்லை. ஞானஸ்நானச் சீட்டும் மற்றதும் ஒரு மழைக்காலத்தில் ஏரி வீட்டுக்குள் வந்தபோது போயிற்று. பிறகு உலகச் சண்டை நடந்தபோது, வயலுக்கும் ரயிலுக்கும் ஆள் வேண்டும் என்று அவர்களே கூப்பிட்டார்கள். அக்காவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. தனியாக எல்லைக்குக் கிளம்பிப் போனாள். எல்லைப் பாலத்தில் இருந்த அதிகாரி, அங்கே பிறந்ததற்குச் சீட்டு கேட்டான். சீட்டு இல்லை, ஆனால் நான் பேசுவதைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

“பேசியிருக்கா. அவன் இன்னொருத்தனைக் கூப்பிட்டு, இதைக் கேளு, நம்மள மாதிரியே பேசுதுன்னு காட்டினானாம். அவன் மூணாவது ஆளைக் கூப்பிட்டானாம். எல்லாருக்கும் பேசிக் காட்டினா. சிரிச்சுட்டு, சரி, வீட்டுக்குப் போன்னு அனுப்பிட்டாங்க.”

லூஸ் பின்னலை முடித்து நுனியில் நாடா கட்டினாள். “வந்த மறுநாள் மீன்கூடைய எடுத்தா. அவ்வளவுதான்.”

வெளிச்சம் இருக்கும்போதே அமாலியா தெருமுனை மருந்துக்கடைக்குப் போய்ச் சிகாகோவுக்குப் பேசினாள். ரெய்னால்டோ முதலில் அழுதான். வந்தால் திரும்பப் போக முடியாது என்று இருவருக்கும் தெரியும். அவன் பெண்டாட்டி பிள்ளைகள் அங்கே. அதனால் அமாலியா வா என்று சொல்லவில்லை, அவனும் வர முடியாது என்று சொல்லவில்லை.

“என் எடத்துல யாரு தோள் குடுப்பாங்க, அக்கா?” என்று கேட்டான்.

அதை அவள் யோசித்திருக்கவில்லை. “பக்கத்து வீட்டுக்காரர். ஹார்லன்,” என்று வாயில் வந்துவிட்டது.

“அந்த மோட்டார் வெள்ளைக்காரனா?” அழுகைக்கு நடுவில் சிரித்தான்.

அப்போது அவனிடம் சொன்னாள். கோழி, மேபல், கான்சாஸ், அங்கேயே பிறந்தது, எல்லாவற்றையும். இணைப்பு போய்விட்டதோ என்று அவள் கருவியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். கடைக்காரர் மருந்துச் சீசாக்களை அடுக்குவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

“இங்க வந்த புதுசுல,” என்றான் ரெய்னால்டோ, “என்ன சொல்றாங்கன்னு புரியாம எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு நிப்பேன். ஏணிய எடுன்னா ஆணிய எடுத்துட்டு வருவேன். போன்ல அம்மாகிட்ட அதைச் சொல்லிச் சிரிப்பேன். அவங்களும் சிரிப்பாங்க.” மூச்சு விட்டான். “ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்திருக்கலாம்.”

அமாலியா பாலத்தில் நடந்ததையும் சொன்னாள்.

“எந்தப் பாலம்?”

“தெரியலடா.”

“சித்திகிட்ட கேட்டு வை.”

மறுநாள் பூசை முடிந்து சவப்பெட்டியைத் தூக்க ஆட்கள் சேர்ந்தார்கள். அமாலியா சொல்லியனுப்பியதும் ஹார்லன் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். தன்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று கேட்கவில்லை. மகன் நிற்கவேண்டிய முன்னிடத்தைக் காட்டினாள். தெருவில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்; லூஸ் அவர்களைத் திரும்பிப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

தூக்கியதும் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மற்ற ஐந்து பேரும் மீன்பிடிக்கிறவர்கள், குட்டையான உறுதியான ஆட்கள். ஹார்லன் அவர்களைவிட ஒரு தலை உயரம். உள்ளே கனம் நகரும் சத்தம் கேட்டது. பின்னாலிருந்த ஒருவன் தாழ்ந்த குரலில், “டான் ஹார்லன், கீழே, கொஞ்சம் கீழே,” என்றான்.

அவர் முழங்காலை மடக்கித் தாழ்ந்தார். பெட்டி மட்டத்துக்கு வந்தது.

கல்லறைக்குப் போகும் தெரு உருண்டைக் கல் பதித்த ஏற்றம். இளைஞர்களே அங்கே இரண்டு முறை தோள் மாற்றுவது வழக்கம். அமாலியா லூஸின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். முதல் திருப்பத்தில் ஒருவன் தோள் மாற்ற வந்து ஹார்லனின் முதுகைத் தட்டினான். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். இரண்டாவது திருப்பத்தில் இன்னொருவன் வந்து கேட்டுவிட்டு விலகிப்போனான். கோட்டின் முதுகு வியர்வையில் ஒட்டியிருந்தது, கால்கள் நடுங்குவது காற்சட்டைக்குள் தெரிந்தது. ஒருமுறைகூட அவர் நிமிரவில்லை. மடக்கிய முழங்காலோடு, ஒவ்வொரு கல்லாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, மற்றவர்களின் உயரத்திலேயே மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்.