டைமண்ட் ஒன்பது

ரலித்சா தன் இரண்டு சீட்டுகளையும் ஒரே ஒரு முறைதான் பார்த்தாள். ஓரத்தை விரலால் லேசாகத் தூக்கினாள். சிவப்பில் ஏஸ், சிவப்பில் ஒன்பது. இரண்டும் இதயம் போட்ட ஆட்டின் என்று மனம் பதித்துக்கொண்டது. மூடிவிட்டாள்.

பர்காஸ் நகரத்துக் கடற்கரை ஓட்டலில் அன்று போக்கர் போட்டியின் கடைசி மேஜை. நூறு பேருக்கு மேல் உட்கார்ந்த இடத்தில் இப்போது ஏழு பேர்தான் மிச்சம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ரலித்சாவுக்கு முன்னால்தான் பந்தய வில்லைகள் உயரமாக அடுக்கப்பட்டிருந்தன. அவளுக்கு எதிரே அவள் கணவனின் தம்பி ஸ்பாஸ். கயிற்றுக்கு அப்பால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான் கணவன் தொதோர். மனைவிக்காகக் கைதட்டுவதா தம்பிக்காகத் தட்டுவதா என்று தெரியாமல் காலையிலிருந்து யாருக்குமே தட்டாமல் இருந்தான்.

நடுவில் எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டுகளும் விரிந்துவிட்டன. அவற்றில் மூன்று ஆட்டின். கையில் இரண்டு, நடுவில் மூன்று, ஆக ஐந்தும் ஒரே இனம், அதுவும் ஏஸோடு. இதை யாராலும் வெல்ல முடியாது.

ஸ்பாஸ் தன் முன்னாலிருந்த அத்தனை வில்லைகளையும் நடுவே தள்ளினான். "மொத்தமும், அண்ணி."

"வா" என்று சொல்லி, அவன் வைத்த அளவுக்குத் தன்னுடையதையும் தள்ளிவிட்டு, ரலித்சா சீட்டுகளை மல்லாத்தினாள்.

டீலர் லியுபா குனிந்து பார்த்தாள். "ஆட்டின் ஏஸ். டைமண்ட் ஒன்பது" என்றாள் மெதுவாக.

டைமண்ட். ரலித்சா அந்தச் சீட்டையே பார்த்தாள். எத்தனை முறை பார்த்தாலும் அது டைமண்டாகவேதான் இருந்தது. ஸ்பாஸ் இரண்டு ஜோடிகளைக் காட்டினான். அவ்வளவுதான், வில்லை மலை முழுதும் எதிர்ப்பக்கம் நகர்ந்தது.

"அண்ணி, கண்ணாடி எங்க? வீட்லயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?" ஸ்பாஸ் சிரித்துச் சிரித்து மேஜையைத் தட்டினான். "ரெண்டும் சிவப்புதானே, என்ன வித்தியாசம்னு விட்டுட்டீங்க!"

மேஜை முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் இருந்த வயதான கிரேக்கர் கோஸ்தாஸ்கூட மீசைக்குள் சிரித்தார். ரலித்சாவும் சிரிக்க முயன்றாள். வாய் மட்டும் இழுபட்டது. காது மடல்கள் எரிந்தன.

ஒரு தரம், ஒரே ஒரு தரம் திரும்பப் பார்த்திருந்தால் போதும். குழந்தைகூடச் செய்யாத தப்பு. இதை நினைக்க நினைக்க அவளுக்கு ஸ்பாஸின் பல்வரிசைதான் கண்ணில் நின்றது. அவன் சிரிப்பை நிறுத்த வேண்டும், இப்போதே நிறுத்த வேண்டும்.

அடுத்த ஆட்டத்தில் கையில் உருப்படியாக ஒன்றும் இல்லை. ஸ்பாஸ் விளையாட வந்தான் என்பதற்காகவே இவளும் வந்தாள். தோற்றாள். அதற்கடுத்ததிலும் அதே கதை. அவன் வைத்தால் இவள் கூட்டி வைத்தாள். அவன் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவே இல்லை.

"அண்ணி சூடாயிட்டாங்க. இன்னும் நாலு ஆட்டம் இப்படியே வந்தா எனக்கு வேலையே இல்ல."

மிச்சமிருந்த வில்லைகளிலும் பாதி போயிருந்தது. மூன்றாவது ஆட்டத்துக்குச் சீட்டு வருவதற்குள் அவள் கை தானாக வில்லைகளின் மேல் போய் உட்கார்ந்திருந்தது. சீட்டைப் பார்க்கவே இல்லை, அதற்குள் தள்ளத் தயாராகிவிட்டது கை. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது.

நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

"எங்க போறே? ஆட்டம் நடக்குதுடி!" என்று தொதோர் கயிற்றைப் பிடித்தபடி பதறினான்.

"நடக்கட்டும்."

கழிவறையில் குழாயைத் திறந்து மணிக்கட்டுகளைக் குளிர்ந்த நீரில் பிடித்தாள். கண்ணாடியில் முகம் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. "கழுதை" என்றாள் சத்தமாக. "கண்ணிருந்தும் குருட்டுக் கழுதை!"

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "யாரச் சொல்றீங்க?"

"என்னைத்தான்."

"அப்ப சரி. காலைக் கொஞ்சம் தூக்குங்க."

ரலித்சா காலைத் தூக்கினாள். ஈரத் துணி அடியில் போய் வந்தது. ஏனோ அப்போதுதான் மூச்சு சீராக வந்தது. கிரேனில் ஒரு பெட்டி எங்கேயாவது இடித்துவிட்டால், அடுத்ததைத் தூக்க விடமாட்டார்கள். கீழே இறங்கிக் கொஞ்ச நேரம் நடந்துவிட்டுத்தான் ஏற வேண்டும். சீட்டு மேஜையில் அப்படி இறக்கிவிட ஆளில்லை. தப்பு நடந்துவிட்டது, அது ஒன்று. அதற்குப் பிறகு செய்த இரண்டும் தப்பில்லை, திமிர். முதலாவதை மாற்ற முடியாது. நாலாவதைச் செய்யாமல் இருக்க முடியும்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஸ்பாஸ் ஆரம்பித்தான். "அழுது முடிச்சாச்சா?"

"சீட்டைத் தப்பாப் பார்த்தேன். முட்டாள்தனம்" என்றாள் ரலித்சா, மேஜைக்கே கேட்கும்படி. "அப்புறம் உன் மேல உள்ள கோவத்துல ரெண்டு ஆட்டம் விட்டேன். அதைவிட முட்டாள்தனம். போடும்மா லியுபா."

ஸ்பாஸ் தன் வில்லைகளை மறுபடி அடுக்கத் தொடங்கினான்.

அதற்குப் பிறகு வந்த சீட்டையெல்லாம் அவள் இரண்டு முறை பார்த்தாள். உதவாத கைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் போட்டு விலகினாள். இருவர் வெளியேறினார்கள். நல்ல கை ஒன்று வந்தபோது கோஸ்தாஸிடமிருந்து ஒரு பெரிய குவியல் அவள் பக்கம் வந்தது.

பிறகுதான் அந்த ஆட்டம். அவள் கையில் இரண்டு பத்துகள். நடுவில் விரிந்தவற்றில் ஒரு ராணி, கடைசியாக ஒரு ராஜா. எதிரே ஸ்பாஸ் மட்டும். அவன் நிதானமாக அவளுடைய குவியலைக் கண்ணால் அளந்துவிட்டு, அதை முழுசாக விழுங்கும் அளவுக்கு முன்னால் தள்ளினான்.

"பயமா இருக்கா அண்ணி? டைமண்டா ஆட்டினான்னு எண்ணிப் பாத்துக்கங்க."

பொய். அவன் வெறுங்கையோடு மிரட்டுகிறான். அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வில்லைகளைத் தள்ளிவிட்டு அவன் முகம் தொங்குவதைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அங்கேதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. அப்படிச் சொல்வது சீட்டா, கோபமா?

அந்த நாற்காலியில் கோஸ்தாஸ் உட்கார்ந்து இதையே செய்திருந்தால்? பேசாத கிழவர், அண்ணி என்று கூப்பிடாதவர், இதே வில்லைகளைத் தள்ளியிருந்தால் என்ன செய்வாள்? யோசிக்கவே மாட்டாள். ஜோடி சேரும் ராஜாவோ ராணியோ வைத்திருக்கிறார் என்று கவிழ்த்திருப்பாள்.

"நேரம் ஓடுது" என்றாள் லியுபா.

தொதோர் விதை கொறிப்பதை நிறுத்தியிருந்தான். ரலித்சாவின் விரல்கள் அந்த இரண்டு பத்துகளையும் அழுத்திப் பிடித்திருந்தன. பிறகு, தோலை உரிப்பதுபோல் அவற்றை மேஜையிலிருந்து பிரித்தெடுத்து, கவிழ்த்து வீசினாள்.

ஸ்பாஸ் தன் சீட்டுகளையும் கவிழ்த்தபடியே லியுபாவிடம் நகர்த்தினான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவை மற்ற சீட்டுகளோடு கலந்து போயின.

கடைசியில் ரலித்சா நாலாவதாக வெளியேறினாள். ராஜா ஜோடியோடு மொத்தமும் வைத்தாள், கோஸ்தாஸிடம் ஏஸ் ஜோடி இருந்தது. எழுந்து அவருக்குக் கை கொடுத்தாள். இந்தத் தோல்வி வேறு மாதிரி வலித்தது, மழையில் நனைந்தது மாதிரி. ஸ்பாஸ் இரண்டாவதாக வந்தான். கோஸ்தாஸ் ஜெயித்தார்.

சாயங்காலம் மூவரும் கடலோரக் கடையில் பொரித்த சின்ன மீனும் பீருமாக உட்கார்ந்தார்கள். தொதோர் இப்போதுதான் இருவருக்கும் சேர்த்துக் கைதட்டினான். ஸ்பாஸ் ஒரு மீனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான்.

"அண்ணி, அந்த ராஜா விழுந்த ஆட்டம். என் கையில என்ன இருந்துச்சுன்னு சொல்லவா?"

"சொல்லுடா" என்றான் தொதோர், நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு.

"வேணாம்" என்றாள் ரலித்சா.

"நிஜமாவா? நான் சொன்னா நீங்க..."

"வேணாம்னு சொல்றேன்ல. மீன் ஆறுது, சாப்பிடு."

அவன் அவளையே பார்த்தான். சொல்லாமல் அடக்கி வைப்பது அவனுக்குத்தான் கஷ்டமாக இருந்தது போல. ரலித்சா ஒரு மீனை முள்ளோடு வாயில் போட்டு மென்றாள். தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு உயிர் போகிற ஆசை இருந்தது. பீரை ஒரு வாய் குடித்துவிட்டு, எலுமிச்சைத் துண்டை அவன் பக்கம் தள்ளி, நாளைக்குத் துறைமுகத்துக்கு எத்தனை கப்பல் வருகிறது என்று பேச ஆரம்பித்தாள்.