மரத்தைத் தாங்கிய காலை

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, கூட வேலை செய்யும் ரவிச்சந்திரன் போன் செய்தபோது, சத்தியசீலன் மந்தினில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கோலா சாவா மரம் விழுந்துருச்சு."

எந்த மரம் என்று அவர் கேட்கவில்லை. கோலா சாவா பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டை ஒட்டி நின்ற தூங்குமூஞ்சி மரம். வேர் அழுகி, வீட்டுப் பக்கம் சாய ஆரம்பித்திருந்தது. அதைத் துண்டு துண்டாக வெட்டி இறக்க, செவ்வாய்க்கிழமை இருவரும் கிரேன் லோரியோடு போயிருந்தார்கள். மூன்று நாள் மழையில் தரை களியாகக் கிடந்தது. கிரேன் தன் நான்கு இரும்புக் கால்களையும் ஊன்றி நிற்க அந்த மண் தாங்காது என்று சத்தியசீலன் சொன்னார். ரவிச்சந்திரன், கிரேன் இல்லாமலே ஏறி வெட்டிவிடலாம் என்றான். அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. மண் காயட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று திரும்பிவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டியவர் சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

"யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"பெரியவர் உள்ள மாட்டிக்கிட்டாரு. உயிரோட இருக்காரு. போம்பா வந்துருச்சு. ஆனா மரத்தை யாராச்சும் தூக்கிப் பிடிச்சாத்தான் உள்ள போக முடியுமாம். சீக்கிரம் வாங்கண்ணே."

அவர் போய்ச் சேர எட்டு மணியாகிவிட்டது. மழை விட்டிருந்தது. செம்பனைக்கு நடுவே போகும் மண் சாலையில் லோரி இரண்டு இடத்தில் வழுக்கியது. லயத்தில் குடியிருந்ததே ஐந்து குடும்பம்தான். எல்லாரும் வெளியே நின்றார்கள். போம்பாவின் தீயணைப்பு வண்டி வாசலில் நின்றது. மரம் வேரோடு பாதி பிடுங்கிக்கொண்டு, கடைசி வீட்டின் தகரக் கூரை மேல் படுத்திருந்தது. கூரை நொறுங்கி, ஒரு சட்டம் உள்ளே இறங்கி, படுத்திருந்த பெரியவர் நல்லசாமியின் இடது காலை அழுத்திக்கொண்டிருந்தது. அந்தச் சட்டத்தை அறுத்தால் அவரை எடுத்துவிடலாம். ஆனால் மரமும் அந்தச் சட்டத்தின் மேல்தான் நின்றது.

நல்லசாமியின் மனைவி பஞ்சாலை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பேசிக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போயிருந்ததால் தப்பியவள். கிரேன் வந்து நின்றதும் திரும்பிப் பார்த்தாள். சத்தியசீலனை அடையாளம் தெரிந்தது. மறுபடி ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை இதே பெண் அவருக்கு ரொட்டியும் தேத்தண்ணியும் கொடுத்தாள்.

தரை அன்றைக்கு இருந்ததைவிட மோசமாக இருந்தது. ஆனால் இன்றைக்குத் திரும்பிப் போக முடியாது. "பலகை வேணும். கனமா, எவ்வளவு கிடைக்குதோ அவ்வளவு" என்றார். அல்லூர் வாய்க்காலுக்கு மேல் முன்பு கிடந்த மரப்பாலத்தின் கட்டைகள் செம்பனைக் காட்டோரம் அடுக்கிக் கிடந்தன. ஆண்களும் பெண்களுமாக நான்கு பேருக்கு ஒரு கட்டை என்று தூக்கி வந்தார்கள். கிரேனின் ஒவ்வொரு காலுக்கும் கீழே குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன்மேல் இரும்புத் தகடு வைத்துக் கால்களை ஊன்றினார். அரை மணி நேரம் அதற்கே போனது.

போம்பா அதிகாரி ஒரு மலாய்க்காரர், நாற்பது வயதிருக்கும். மரத்தின் கனம் எவ்வளவு என்று மலாயில் கேட்டார்.

"மொத்தம் ஒன்பது டன் இருக்கும். பாதி வேர்ல நிக்குது. நான் நாலு, நாலரை தாங்கணும்."

"தாங்குமா?"

"கிரேன் தாங்கும். மண்ணைப் பத்தி நான் வாக்குக் கொடுக்க முடியாது."

அதிகாரி வீட்டைப் பார்த்தார். "என் ஆளுங்க நாலு பேர் உள்ள போவாங்க. மண் அசைஞ்சா ஹார்ன் அடிங்க. ஹார்ன் கேட்டா அவங்க வெளிய ஓடி வந்துருவாங்க."

"பெரியவர்?"

"ஹார்ன் அடிங்க" என்று அவர் மறுபடி சொன்னார்.

ரவிச்சந்திரன் ஏணி வைத்து ஏறி, அடிமரத்தின் நடுவில் அகலமான பெல்ட்டைச் சுற்றிக் கொக்கியில் மாட்டினான். சத்தியசீலன் கம்பியை மெல்ல இழுத்தார். மீட்டரில் எண் ஏறியது. இரண்டு டன். மூன்று. நாலே காலில் தகரம் கிறீச்சென்று சத்தம் போட்டது. மரம் கூரையை விட்டு ஒரு விரல் அளவு எழும்பி நின்றது. அவர் கட்டை விரலை உயர்த்தினார். நால்வரும் உள்ளே போனார்கள்.

அதன் பிறகு அவருக்கு வேலை இல்லை. அசையாமல் இருப்பதுதான் வேலை. பளுவைத் தூக்கி, திருப்பி, இறக்கிப் பழகிய கைக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது. உள்ளே ரம்பம் ஓடுவதும் நிற்பதுமாகக் கேட்டது. பஞ்சாலையை ஜன்னலை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தார்கள். அவள் அங்கிருந்தே உரக்கப் பேசினாள். "இந்தா, கண்ணை மூடாத. நம்ம மக ஷாமினி தெமியாங்குலேர்ந்து கிளம்பிட்டா. பேரப்பிள்ளைய கூட்டிட்டு வரா."

சத்தியசீலனுக்குச் செவ்வாய்க்கிழமை ஞாபகத்தில் வந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு எடுத்த முடிவில் தப்பில்லை என்று வழியெல்லாம் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். மண் தாங்கியிருக்காது. கிரேனே வீட்டின் மேல் கவிழ்ந்திருக்கலாம். யார் கேட்டாலும் அதைச் சொல்லலாம். அதெல்லாம் சரிதான். ஆனால் இப்போது, அந்த மரத்தின் கனத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வேறொன்று நினைவுக்கு வந்தது. மண் சரியில்லை என்று கிரேனைத் திருப்பிக்கொண்டு போனேன். அதே மண்ணில்தான் மரமும் நின்றது. அந்த மரத்துக்குக் கீழேதான் இவர்கள் படுத்தார்கள். இரும்புக்கு ஆபத்து என்று தெரிந்தவனுக்கு இது ஏன் தோன்றவில்லை?

இருபது நிமிடம் போயிருக்கும். கிரேன் சாய்கிறதா என்று காட்டும் ரசமட்டத்தின் குமிழி நடுவை விட்டு நகர்ந்திருந்தது.

முதலில் அவர் நம்பவில்லை. எட்டிப் பார்த்தார். வலது முன்காலுக்குக் கீழே கட்டைகள் ஒரு பக்கமாகச் சேற்றில் இறங்கியிருந்தன. இரண்டு விரல் அளவு. மரம் அவ்வளவாகத் தணியவில்லை, ஆனால் தணிந்திருந்தது. அவர் கை ஹார்னுக்குப் போனது.

அந்த நேரத்தில் உள்ளேயிருந்து ஒருவர் மலாயில் கத்தினார். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்தான்!"

சத்தியசீலன் ஹார்னை அடிக்கவில்லை. கம்பியை ஒரு மயிரிழை இழுத்து மரத்தைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு வாக்கி டாக்கியில் ரவிச்சந்திரனைக் கூப்பிட்டார். "ரவி, கால் இறங்குது. கனத்தைக் குறைக்கணும். பின்பக்கம் தொங்குற பெரிய கிளை, அதை வெட்ட முடியுமா?"

"ஆள் உள்ள இருக்கறப்ப வெட்டக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப வெட்டச் சொல்றேன். ஒரே வெட்டா வெட்டாத. பாதி வெட்டி நிறுத்து, அது தானா மடங்கட்டும். குதிக்க விடாத."

ரவிச்சந்திரன் ஏணியைப் பின்பக்கம் நகர்த்தினான். பிறகு செயின்சா சத்தம் கேட்டது. சத்தியசீலன் மீட்டரையும் குமிழியையும் மாறி மாறிப் பார்த்தார். கிளை முனகிக்கொண்டே மடங்கி, பின்கட்டு வாழைகளின் மேல் இறங்கியது. மரம் ஒரு முறை நடுங்கியது. எண் நாலே காலிலிருந்து மூன்றரைக்கு இறங்கியது. குமிழி அதற்கு மேல் நகரவில்லை.

ஏழு நிமிடம் கழித்து நல்லசாமியை வெளியே கொண்டுவந்தார்கள். முகமெல்லாம் சுண்ணாம்புத் தூள். பஞ்சாலை ஸ்ட்ரெச்சர் கூடவே ஓடினாள். லயத்துச் சனம் கைதட்டியது. யாரோ ரவிச்சந்திரனைக் கட்டிப்பிடித்தார்கள்.

போம்பா அதிகாரி கைதட்டவில்லை. வலது முன்காலின் பக்கம் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, சத்தியசீலன் கீழே இறங்கும்வரை அங்கேயே நின்றார்.

"இது எப்ப இறங்குச்சு?"

"அவங்க உள்ள இருக்கறப்ப."

"ஹார்ன் அடிக்கல."

"அடிக்கல."

"நாலு பேர் உள்ள இருந்தாங்க. அதுல ஒருத்தனுக்குப் போன மாசம்தான் குழந்தை பிறந்திருக்கு. அந்த முடிவை எடுக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" அதிகாரி குரலை உயர்த்தவில்லை.

சத்தியசீலனிடம் பதில் இருந்தது. சமாளிக்க முடியும் என்று கணக்குப் போட்டேன், சமாளித்தேன். ஆனால் அது முழு உண்மை இல்லை. கணக்குப் போட்டது பாதிதான். மீதிப் பாதி, செவ்வாய்க்கிழமை விட்டுவிட்டுப் போனதை இன்னொரு முறை செய்ய மனம் வராதது. அந்த நான்கு பேருக்கும் செவ்வாய்க்கிழமையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

"மன்னிச்சிருங்க" என்றார்.

அதிகாரி கையை நீட்டவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் தன் ஆட்களிடம் போய்விட்டார்.

திங்கட்கிழமை மாலை சத்தியசீலன் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போனார். நல்லசாமியின் காலில் கம்பி வைத்திருந்தார்கள். மருந்தில் தூங்கிக்கொண்டிருந்தார். பஞ்சாலை வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவர் வாங்கிவந்த ஆரஞ்சுப் பையை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

"நடப்பாராம். ஆறு மாசம் ஆகுமாம்" என்றாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா." நின்றபடியே சொன்னார். "அன்னைக்கு மரத்தை எடுக்க முடியாதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போனேன். மரம் போற வரைக்கும் அந்த வீட்டுல படுக்காதீங்கன்னு சொல்லியிருக்கணும். தோட்டத்து ஆபீசுலயும் சொல்லியிருக்கணும். எனக்குத் தோணவே இல்ல."

பஞ்சாலை ஆரஞ்சுப் பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். வார்டுக் கதவு திறந்து, ஒரு நர்ஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"சனிக்கிழமை நீ வந்து நிக்கிறவரைக்கும் உன்னைத் திட்டாத திட்டு இல்ல தம்பி. அவரு உள்ள கத்துறாரு, நான் வெளிய உன்னைத் திட்டுறேன்." புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நீ சொல்லியிருந்தாலும் நாங்க போயிருப்போமான்னு தெரியல. எங்க போறது, சொல்லு? மக வீட்டுல ரெண்டு ரூம்பு, அஞ்சு பேரு. அவரு எங்கயும் வரமாட்டேன்பாரு. ஆனா நீ சொல்லியிருந்தா, கட்டிலையாச்சும் முன்பக்கம் இழுத்துப் போட்டிருப்பேன்."

அவர் தலையசைத்தார். அவள் மன்னித்தாள் என்றும் தோன்றவில்லை, மன்னிக்கவில்லை என்றும் தோன்றவில்லை.

"உக்காரு லா, ஏன் நிக்கிற?" என்றாள்.

உட்கார்ந்தார். நல்லசாமி கண் விழிக்க இன்னும் ஒரு மணி நேரமாகும் என்றாள். இருக்கிறேன் என்றார்.

வியாழக்கிழமை சரளைக் கல் கொட்டித் தரையைக் கெட்டியாக்கிவிட்டு, அவரும் ரவிச்சந்திரனும் மீதி மரத்தை இரண்டு நாளில் வெட்டி எடுத்தார்கள். வேலை தொடங்குமுன் சத்தியசீலன் ஒவ்வொரு கதவாகத் தட்டி, மீதி நான்கு குடும்பத்தையும் தோட்டத்துக் கோயில் கொட்டகைக்குப் போய் இருக்கச் சொன்னார். இவ்வளவு தூரம் எதற்கு என்று மங்கம்மா என்ற பெண் முணுமுணுத்தாள். அவர் பிடிவாதமாக நின்றார். கடைசி ஆள் வெளியேறும்வரை கிரேனை ஸ்டார்ட் செய்யவில்லை.