மெதுவாகப் போன வான்

1

இந்தக் கதையை என் மகள் சிவாஜினியின் ஆய்வுக்கட்டுரையிலிருந்து எடுத்தேன். அவளிடம் கேட்கவில்லை. தகப்பன் கேட்கத் தேவையில்லை.

அவள் எழுதியிருப்பது இதுதான். அரசின் கை எட்டாத வன்னியில் ஆயுதம் ஏந்திய எங்கள் இயக்கம் தானே அரசாகி, நீதிமன்றமும் பொலிஸும் வைத்தது. கை எட்டுகிற கொழும்பில் ஒளிந்திருந்து குண்டு வைத்தது. அரசு மிக வலுவாக உள்ள சிட்னியில் மண்டபம் எடுத்துக் கலைவிழா நடத்தியது.

(அந்தக் கலைவிழாக்களில் முன்வரிசைக் கதிரை எனக்கு. பொன்னாடையும் போர்த்தினார்கள். இன்று அங்கே வந்ததே இல்லை என்பவர்கள் என் பக்கத்தில்தான் இருந்தார்கள்.)

2

முதல் தொடக்கம்: கிளிநொச்சிச் சந்தியில், கொதிக்கிற வெயிலில், உமாசுதன் என்ற இளம் பொலிஸ்காரன் —

விட்டுவிட்டேன். எந்த நாட்டுப் பொலிஸ்?

இரண்டாம் தொடக்கம்: உமாசுதன் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவன்.

இது இந்த நாட்டு அரசின் வசனம். படகில் வந்தவனை அகதி என்று ஏற்றுக்கொண்ட பிறகு இப்படிச் சொல்லித் தடுப்புமுகாமில் வைத்திருக்கிறார்கள். காரணம் சொல்லமாட்டார்கள். விசாரணையில் அவனாகவே, "நான் பொலிஸ். ஒரு சதம் லஞ்சம் வாங்கினதில்லை" என்றானாம். நற்சான்று என்று நினைத்திருக்கிறான், மடையன்.

அங்கே அரசு இல்லாததால் பொலிஸ் ஆனான். இங்கே அரசு நிறைய இருப்பதால் பயங்கரவாதி ஆனான்.

(சிவாஜினி அவனைத்தான் கட்டப் போகிறாள், முகாமின் சந்திப்பு அறையில். தாலி ஸ்கேனருக்குள்ளால் போகவேண்டும். நெருப்புக்கு அனுமதி இல்லை. "பற்றரி விளக்கு வைப்பம்" என்கிறார் ஐயர். எங்கள் குடும்பத்தில் அக்கினி இல்லாமல் ஒரு தாலியும் ஏறியதில்லை. அதற்கும் தலையாட்டினேன்.)

3

இந்த இடத்தில் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. போன சனிக்கிழமை தனியாகப் போய் அவன் முன்னால் இருந்தேன்.

"தேத்தண்ணி எடுக்கட்டோ, அங்கிள்?"

"வேண்டாம். நீர் சந்தியிலை நிண்ட காலத்திலை பிள்ளையளை இயக்கத்துக்குப் பிடிச்சு ஏத்திக்கொண்டு வானுகள் போனதைக் கண்டனீரோ?"

எடுத்த கோப்பையைத் திரும்ப வைத்தான்.

"ஓம், கண்டனான்."

"மறிச்சனீரோ?"

"வேகமாப் போறதைத்தான் மறிக்கிறனாங்கள், அங்கிள். அது மெதுவாத்தான் போனது."

பகிடி விடவில்லை. அவன் சட்டம் அவ்வளவுதான்.

என் தங்கை விமலாதேவியின் மகள் பிரியந்தினியை அப்படி ஒரு வானில்தான் ஏற்றினார்கள். பள்ளிச் சீருடையோடு. பிறகு அவள் வரவேயில்லை. அவன் கண்ட வான் அதுதானா? கதைக்கு அதுவே வசதி. உண்மை எனக்குத் தெரியாது. எந்த வருசம் என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்காமல் எழும்பி வந்தேன்.

4

முடிவு ஒன்று: தகப்பன் மகளிடம் எல்லாவற்றையும் சொல்கிறார். கலியாணம் நிற்கிறது. வலுவான அரசு அவனைத் தொடர்ந்து வைத்திருக்கிறது.

முடிவு இரண்டு: தகப்பன் வாயை மூடிக்கொண்டு, பற்றரி விளக்கின் முன்னால் மகளின் கையை அவன் கையில் கொடுக்கிறார். குடும்ப மானம் என்று இவ்வளவு காலமும் நான் காத்தது

(இந்த வசனத்தை முடிக்க எனக்கு விருப்பமில்லை.)

5

இன்று கலியாணம். வேட்டி கட்டிவிட்டேன். நோர்த்மீட்டில் எங்கள் வீட்டு வாசலில் கார் நிற்கிறது. சிவாஜினி ஹோர்ன் அடிக்கிறாள்.

"அப்பா, பிளீஸ்! கேற்றிலை செக்கிங் இருக்கு. லேற்றானா உள்ளை விடமாட்டாங்கள்."

"அண்ணை, கலியாணத்தண்டைக்கும் என்ன எழுத்து?" இது விமலாதேவி. காலையிலிருந்து அவளே கட்டிய மாப்பிள்ளை மாலையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீற்றில் இருக்கிறாள். தன் மகளின் கலியாணத்துக்குக் கட்டவேண்டிய மாலை என்று சொல்லிக் கட்டினாள். அவளுக்கு இந்தக் கதையில் ஒரு வரியும் தெரியாது.

என் வீட்டில் கடைசி வார்த்தை எப்போதும் என்னுடையது. இன்று அதை உங்களிடம் விடுகிறேன். எந்த முடிவையாவது எழுதுங்கள். எழுதியபின் அதை விமலாதேவிக்கு நீங்களே வாசித்துக் காட்டவேண்டும்.